ஈஸி மோடில் ஆடினால் என்ன குறைந்துபோச்சு?

கேள்வி: அண்ணா, வணக்கம். எனக்கு 26 வயது, ஊர் வாலாஜாப்பேட்டை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஆற்காட்டில் ஒரு நண்பன் வீட்டு மாடி ரூமில் ஏழெட்டுப் பேர் கூடி கேம் ஆடுவோம், வாட்ஸ்அப்பில் குரூப்பும் உண்டு. நான் வாயைத் திறந்தாலே சண்டை வருகிறது. பெரிய மேப் வைத்த ஓப்பன் வேர்ல்டு கேம் எனக்குப் போர். எதையும் ஈஸி மோடில்தான் ஆடுவேன். வெண்பா என்கிற கேமை முடித்துவிட்டு ரொம்பப் பிடித்தது என்றேன், "சமையல் பண்றதெல்லாம் ஒரு கேமா" என்று சிரித்தார்கள். 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன், டிவியில் மாட்டி கேம் ஆடுகிற கன்சோல் வாங்கப் போகிறேன் என்றதும் "பிசி இருக்கும்போது கன்சோல் வாங்குறவன் ஏமாளி" என்றார்கள். கோபத்தில் நானும் "நாள் பூரா ஆன்லைன்ல சுட்டுக்கினு இருக்கிறது சின்னப் பசங்க வேலை" என்று போட்டுவிட்டேன். குரூப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள். என் ரசனையில்தான் கோளாறா? கன்சோல் வாங்கலாமா, வாங்கினால் எது?
— பெயர் வேண்டாம், வாலாஜா

பதில்: தம்பி, உங்கள் ரசனையில் ஒரு கோளாறும் இல்லை. கன்சோல் வாங்குங்கள். புதிது வேண்டாம், செகண்ட் ஹேண்ட் போதும், ஆனால் டிஸ்க் போடுகிற மாடலாக இருக்க வேண்டும். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், மற்றதெல்லாம் ஏன் என்கிற கதை.

வேலூரில் சர்வீஸ் டேபிள் போட்டு உட்கார்ந்திருக்கிறவன் நான். கன்சோல், கண்ட்ரோலர், காட்பாடி பக்கத்து ஹாஸ்டல் பசங்களின் கேமிங் லேப்டாப், எல்லாம் வரும். ரிப்பேர் முடிந்து ஆன் பண்ணிப் பார்க்கும்போது எந்த கேமை எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார்கள் என்று பல மெஷின்களில் திரையிலேயே வந்து நிற்கும். கடை வாசலில் நின்று அரை மணி நேரம் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது) பற்றி எனக்குப் பாடம் எடுத்தவருடைய மெஷினில் நாலு பெரிய கேம் இருக்கும், நாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தோடு நின்றிருக்கும். மெஷினைக் கொடுத்துவிட்டு "இன்னாண்ணா, சாயந்திரம் வந்தா கெடைக்குமா" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிற ஆளுடையதில் ஒரே ஒரு ஃபுட்பால் கேம், பல நூறு மணி நேரம். இந்த உலகத்தில் சத்தமாகச் சொல்லப்படுகிற கருத்துகளில் பாதி, கொடுத்த காசுக்கான வக்காலத்து. ஒன்றரை லட்சம் போட்டு பிசி கட்டினவன் கன்சோலும் நல்லதுதான் என்று சொன்னால் அவனுக்கே ராத்திரி தூக்கம் வராது. அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் அதைக் கேட்டு உங்கள் ரசனையை நீங்கள் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இந்த "எந்த மெஷின் பெரிசு" சண்டையே கம்பெனிக்காரர்கள் மூட்டிவிட்டது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சேகா என்கிற கன்சோல் கம்பெனி, போட்டிக் கம்பெனியான நின்டெண்டோவைப் பேர் சொல்லிக் கிண்டல் பண்ணி விளம்பரம் போட்டது, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டார்கள். 2001ல் சேகா கன்சோல் செய்வதையே நிறுத்தியது. அதே வருஷக் கடைசியில் அவர்களுடைய சோனிக் கேம், நின்டெண்டோவின் கேம்க்யூப் கன்சோலில் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டத்தில் வாருங்கள். சோனியின் பிளேஸ்டேஷனுக்கு மானப் பிரச்சினையாக இருந்த காட் ஆஃப் வார் கேம் 2022 ஜனவரியில் பிசிக்கு வந்துவிட்டது, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸில் இருந்த கியர்ஸ் ஆஃப் வார் 2025 ஆகஸ்டில் பிளேஸ்டேஷனுக்கே வந்துவிட்டது. முதலாளிகள் கைகுலுக்கிப் போய் வெகு நாளாச்சு, தொண்டர்கள்தான் இன்னும் ஆற்காட்டில் மாடி ரூமில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஈஸி மோடுக்கு வருகிறேன். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. கஷ்டமாக ஆடினால்தான் ஆட்டம், இல்லாவிட்டால் ஏமாற்று என்கிற பேச்சு 2019ல் செகிரோ என்கிற கத்திச் சண்டை கேம் வந்தபோது உலகம் பூரா பெரிய சண்டையாக ஓடியது. செய்தவர் ஒரு கஷ்டத்தை மனதில் வைத்துச் செய்திருக்கிறார், அதைக் குறைத்தால் அவர் சொல்ல வந்ததே போய்விடும் என்பது ஒரு கட்சி. அந்த வாதத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, செகிரோவில் செத்துச் செத்துத்தான் அந்தக் கத்திச் சத்தத்தின் தாளம் கைக்கு வரும். ஆனால் அதற்கு முந்தின வருஷமே வந்த செலஸ்ட் என்ன செய்தது? மலை ஏறுகிற கேம், கொடூரமான கஷ்டம். அதற்குள்ளேயே அசிஸ்ட் மோடு என்று ஒன்றை வைத்து, வேகத்தைக் குறைத்துக்கொள், சாகாமல் ஆடிக்கொள், உன் இஷ்டம் என்று விட்டுவிட்டார்கள். அதனால் செலஸ்டின் மரியாதை ஒரு பைசா குறையவில்லை. கஷ்டமாக ஆட நினைத்தவன் கஷ்டமாகவே ஆடினான்.

பாகாயத்தில் சிஎம்சியின் மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது, தெரிந்திருக்கும். அங்கே சிகிச்சைக்கு வந்து தங்கியிருந்த ஒருவர் கடைக்கு வந்தார், விபத்தில் அடிபட்டு வலது கையில் இரண்டு விரல் சரியாக மடங்காது. கண்ட்ரோலரின் பின்பக்கப் பட்டன்களை இடது பக்கத்துக்கு மாற்ற முடியுமா என்று கேட்டார். செட்டிங்கில் போய்ப் பட்டன்களை மாற்றிக் கொடுத்து, கஷ்டத்தையும் ஒரு படி இறக்கிவைத்தேன். மனிதர் கடையிலேயே நின்று ஒரு லெவலை முடித்துவிட்டுத்தான் கிளம்பினார். அவர் ஆடினது கேம் இல்லை என்று உங்கள் நண்பர்களில் யாராவது அவர் முகத்துக்கு நேராகச் சொல்வார்களா? மைக்ரோசாஃப்ட் 2018ல் கை கால் சரியாக வராதவர்களுக்கென்றே அடாப்டிவ் கண்ட்ரோலர் ஒன்றைக் கொண்டுவந்தது. 2020ல் வந்த லாஸ்ட் ஆஃப் அஸ் கேமின் இரண்டாம் பாகத்தில் இந்த மாதிரி வசதிகள் மட்டும் 60க்கு மேல். உங்களுக்குக் கை நன்றாக இருக்கிறது, ஆறு நாள் கணக்குப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கதை பார்க்க ஆசைப்படுகிறீர்கள், அவ்வளவுதான். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

ஓப்பன் வேர்ல்டு பற்றி நீங்கள் சொன்னதைக் கம்பெனியே ஒத்துக்கொண்ட மாதிரிதான். அசாசின்ஸ் கிரீட் வரிசையில் 2020ல் வந்த வால்ஹாலாவைக் கதை மட்டும் பார்த்து முடிக்கவே 60 மணி நேரம் பக்கம் ஆகும். ஞாயிறு இரண்டு மணி நேரம் என்றால் முப்பது வாரம், அதாவது பொங்கலுக்கு ஆரம்பித்தால் ஆடி மாதம் ஆகிவிடும். 2023ல் அதே ஆட்கள் மிராஜ் என்று சின்னதாக, பழைய மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதில் கால்வாசி நேரத்தில் கதை முடிந்துவிடும். வேலைக்குப் போகிறவனுக்கு அதுதான் சரி. கல்லூரிப் பிள்ளைக்கு நேரம் நிறைய, காசு கம்மி, அவனுக்கு ஒரே கேம் மூன்று மாதம் ஓடினால் லாபம். அவன் சொல்வதும் அவன் கணக்குக்குச் சரியே. இரண்டு பேரும் வேறு வேறு பட்ஜெட் போட்டுவிட்டு ஒரே கேமைப் பற்றிச் சண்டை போடுகிறீர்கள்.

வெண்பா. தம்பி, இதில் முழுசாக உங்கள் பக்கம் நிற்கிறேன். கனடாவில் குடியேறின ஒரு தமிழ்க் குடும்பம், 1980களில் ஆரம்பிக்கிற கதை. அம்மா கொடுத்தனுப்பின சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது, விட்டுப்போன வரியை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும், இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர். சமைத்துக்கொண்டே இருக்கும்போது பக்கத்தில் மகன் வளர்கிறான், தமிழ் அவன் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். டொரண்டோவில் விசை கேம்ஸ் என்கிற சின்ன டீம் செய்து 2023 ஜூலையில் வெளியிட்டது. அடுத்த வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த முதல் படைப்புக்கான விருது, சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவில் முதல் பரிசு, இரண்டும் அதற்கே போனது. இதைக் கேமா என்று கேட்கிறவர் ஒரு துப்பாக்கியின் ரீலோட் சத்தத்தை வைத்து அது எந்தத் துப்பாக்கி என்று சொல்கிறவராக இருப்பார், அதுவும் ஒரு திறமைதான், நான் கிண்டல் பண்ணவில்லை. ஆனால் நம் வீட்டுச் சமையலறையை யாரோ இவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதைக் கவனிக்காமல் விட்டால் நஷ்டம் அவருக்கே. ஒன்றரை மணி நேரத்துக்கு இந்த விலையா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி, அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன், ஆஃபர் வரும்போது வாங்கச் சொல்வேன்.

இப்போது உங்கள் முறை. "சின்னப் பசங்க வேலை" என்று போட்டீர்களே, அது தப்பு. ஈஸி மோடைக் கேலி செய்தது எந்த மாதிரியோ அதே மாதிரிதான் இதுவும். குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ இருக்கிற ஒரு பையனிடம் பத்தாயிரம் ரூபாய் போன் மட்டும் இருக்கிறது, அவனுக்கு கேம் என்றால் அதில் ஓடுகிற இலவச கேம்தான், அவன் நண்பர்களும் அதற்குள்தான் இருக்கிறார்கள். 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் தடை ஆனபோது சில பசங்க கடைக்கு வந்து "வேற வழி ஏதாவது இருக்குமாண்ணா" என்று கேட்டது ஆட்டத்துக்காக மட்டும் இல்லை, லாக்டவுனில் அவர்கள் தினமும் சந்தித்துக்கொண்ட இடம் அது. அடுத்த வருஷம் ஜூலையில் பிஜிஎம்ஐ என்று திரும்பி வந்தது, 2022 ஜூலையில் மறுபடி ஸ்டோரிலிருந்து போனது, 2023ல் திரும்ப வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் என்கிற இன்னொரு சுடுகிற கேமும் போனது. இவ்வளவு அலைக்கழிப்புக்குப் பிறகும் விடாமல் ஆடுகிறவனை கேமர் இல்லை என்று யார் சொல்வது?

ஆனால் அந்த அலைக்கழிப்பிலேயே இன்னொரு விஷயம் இருக்கிறது, நான் டிஸ்க் டிஸ்க் என்று அடித்துக்கொள்வது அதனால்தான். சர்வரில் இருக்கிற கேம் நம்முடையது இல்லை. அரசாங்கம் மூடலாம், கம்பெனியே மூடலாம். காசு கொடுத்து டிஸ்கே வாங்கியிருந்தாலும் 2014ல் வந்த தி க்ரூ என்கிற கார் கேம் 2024 மார்ச் 31க்குப் பிறகு யாருக்கும் ஓடவில்லை, தனியாக ஆடினாலும் சர்வர் வேண்டும் என்று அதைச் செய்துவைத்திருந்தார்கள். கான்கார்ட் என்று ஒரு ஆன்லைன் கேமை சோனி 2024 ஆகஸ்ட் 23 அன்று விட்டது, செப்டம்பர் 6க்குள் மூடிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆகவே டிஸ்க் வாங்கினால் தனியாக ஆடுகிற, நெட் இல்லாமலும் ஓடுகிற கேமாகப் பார்த்து வாங்குங்கள். ஆடி முடித்தால் பாதி விலைக்காவது விற்கலாம், நண்பனுக்குக் கொடுத்து அவனுடையதை வாங்கி ஆடலாம். டவுன்லோடு செய்ததை யாருக்கு விற்பீர்கள்? புது பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேம் ஐயாயிரம் ரூபாய் பக்கம் போகிற ஊரில் இது சின்ன விஷயம் இல்லை.

பிசியா கன்சோலா என்று கேட்டால், பிசி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆஃபரில் கேம் மலிவாகக் கிடைக்கும், வேறு வேலைக்கும் ஆகும். ஆனால் 40,000 ரூபாய்க்கு மானிட்டரோடு சேர்த்துக் கட்டினால் கிராபிக்ஸ் கார்டு பழையதாகத்தான் இருக்கும், அந்தப் பழைய கார்டில்தான் விவகாரம். 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டை ஓடவிட்டு டிஜிட்டல் காசு சம்பாதிக்கிற வேலை) நின்றதும் ராத்திரி பகலாக ஓடின கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. சில கார்டு இன்னும் நன்றாக ஓடுகிறது, சிலது மேலே பளபளப்பு உள்ளே ஒன்றுமில்லை. பார்க்கத் தெரிந்த ஆள் கூட வந்தால் வாங்கலாம். அலுவலகத்தில் நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டு வீட்டிலும் டிரைவர் சாஃப்ட்வேர் அப்டேட்டோடு மல்லுக்கட்ட ஆசை இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள்.

புதிதாக வந்த கன்சோலை முதல் வருஷம் வாங்குகிறவன் கம்பெனிக்குச் சம்பளம் இல்லாமல் டெஸ்டிங் செய்கிறான் என்பது என் கட்சி. எக்ஸ்பாக்ஸ் 360ல் சிவப்பு வட்டம் வந்து செத்த கதை கேள்விப்பட்டிருப்பீர்கள். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து உள்ளே இணைப்புகள் விட்டுப்போயின. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று வருஷமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்க வேண்டியதாகிவிட்டது. கேமும் அப்படித்தான், முன்பதிவு செய்து சைபர்பங்க் 2077 வாங்கின பிஎஸ்4காரர்களைக் கேளுங்கள். 2020 டிசம்பர் 10 அன்று வந்தது, எட்டே நாளில் சோனி அதைத் தன் ஸ்டோரிலிருந்தே தூக்கியது. பொறுத்திருந்து வாங்கினவனுக்கு சரிசெய்த கேம் பாதி விலையில் கிடைத்தது.

சரி, எது வாங்குவது? பிஎஸ்4 ஸ்லிம் நல்ல நிலையில் கிடைத்தால் உங்கள் பணத்தில் பாதிக்குள் முடியும், மீதியில் டிஸ்க் வாங்கலாம். பழைய மெஷினா என்று நண்பர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். உங்களுக்குப் பிடித்த கதை கேம்கள் அதில் வருஷக் கணக்குக்கு ஆடுகிற அளவு கிடக்கின்றன, பிற்பாடு டிரைவ் உள்ள பிஎஸ்5 வாங்கினால் இதே பிஎஸ்4 டிஸ்க் பெரும்பாலும் அதிலும் ஓடும், ஆக எதுவும் வீண் இல்லை. 40,000க்குள் டிஸ்க் மாடல் பிஎஸ்5 யாராவது கொடுத்தால் அதை எடுங்கள். பழைய பெரிய பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனை மட்டும் தொடாதீர்கள், அதற்கு டிரைவ் பிற்பாடு மாட்டவே முடியாது. 2023 கடைசியில் வந்த ஸ்லிம் டிஜிட்டலுக்குத் தனியாக வாங்கி மாட்டலாம்.

வாங்கினதும் எங்கே வைப்பீர்கள் என்பதையும் கேட்டுவிடுகிறேன், ஏனென்றால் என் டேபிளுக்கு வருவதில் நிறைய, மெஷினின் தப்பு இல்லை. கன்சோல் கையேட்டில் 5 முதல் 35 டிகிரி வரை சூட்டில் பயன்படுத்தச் சொல்லி இருக்கும். நம் ஊரில் மே மாதம் 40ஐத் தாண்டும்போது ஷீட் போட்ட மாடி ரூமில், கண்ணாடிக் கதவு வைத்த டிவி ஸ்டாண்டுக்குள், மேலே ஒரு டர்க்கி டவல் வேறு மூடி வைத்தால் ஃபேன் கத்தாமல் என்ன செய்யும்? திறந்த இடத்தில், நாலு பக்கமும் காற்று போகிற மாதிரி வையுங்கள், பக்கத்தில் சுவரை ஒட்டாதீர்கள். அக்னி நட்சத்திரத்தில் பகலில் ஆடவே வேண்டாம், சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம். ரெஸ்ட் மோடில், அதாவது முழுசாக அணைக்காமல், விட்டுவிட்டு வேலைக்குப் போகாதீர்கள், கரண்ட் போய்ப் போய் வந்தால் ஹார்டு டிஸ்க்தான் அடி வாங்கும். முழுசாக ஆஃப் பண்ணுங்கள். டிவிக்குப் போகிற எச்டிஎம்ஐ வயரை மெஷின் ஓடும்போது பிடுங்கிப் பிடுங்கி மாட்டினால் போர்ட் உள்ளே உடையும், அதை மாற்ற சால்டரிங் வேலை, காசு ஆகும்.

கண்ட்ரோலர் தானாக ஒரு பக்கம் நகர்ந்தால் அது டிரிஃப்ட். ஸ்டிக்குக்குள் உரசிக்கொண்டே இருக்கிற சின்ன பாகம் தேய்ந்துவிடுகிறது. காந்தத்தை வைத்து உரசாமல் வேலை செய்கிற ஸ்டிக் இப்போது தனியாகக் கிடைக்கிறது, அந்தத் தொழில்நுட்பத்தை சேகா தன் டிரீம்காஸ்ட் கண்ட்ரோலரில் 1998லேயே வைத்திருந்தது என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இரண்டு கண்ட்ரோலர் கேட்டு வாங்குங்கள், ஏன் என்று சொல்கிறேன்.

உங்கள் நண்பர்களிடம் திரும்பப் போக வேண்டும். வாட்ஸ்அப்பில் வாதம் பண்ணி யாரும் யார் ரசனையையும் மாற்றினதில்லை, அட்மினிடம் சேர்த்துக்கொள் என்று கெஞ்சவும் வேண்டாம். அந்தச் "சின்னப் பசங்க" வார்த்தைக்கு மட்டும் போன் பண்ணி ஸாரி சொல்லிவிடுங்கள், மெசேஜில் வேண்டாம். அப்புறம் உங்களைச் சிரித்தவர்களிலேயே கொஞ்சம் அமைதியான ஒருவனை வீட்டுக்குக் கூப்பிட்டு இட் டேக்ஸ் டூ என்கிற கேமைப் போடுங்கள். இரண்டு பேர் இல்லாமல் அதை ஆடவே முடியாது, ஒரே சோபாவில் உட்கார்ந்து பாதிப் பாதித் திரையில் ஆடலாம், பிஎஸ்4லேயே ஓடும். 2021ல் கேம் அவார்ட்ஸ் விழாவில் அந்த வருஷத்தின் சிறந்த கேம் அதுதான், ஆகவே "இதெல்லாம் ஒரு கேமா" என்று கேட்கவும் வழியில்லை. அவன் சுடுகிற கேமில் கெட்டிக்காரன் என்றால் இதில் உங்களை இழுத்துக்கொண்டு போவான், அதை அவனிடம் சொல்லியும் விடுங்கள். அவன் கூப்பிட்டால் நீங்களும் அவனோடு ஒரு பிஜிஎம்ஐ ரவுண்டு ஆடுங்கள், நாலு நிமிடத்தில் செத்தாலும் பரவாயில்லை.

செகண்ட் ஹேண்ட் மெஷினைப் பார்க்கப் போகும்போது கையில் ஒரு டிஸ்க் எடுத்துக்கொண்டு போங்கள், டிரைவ் இழுக்கிறதா, துப்புகிறதா, ஓடுகிறதா என்று பாருங்கள். கொறச்சலா அரை மணி நேரம் ஓடவிட்டு ஃபேன் சத்தம் கேளுங்கள், எச்டிஎம்ஐ வயரை லேசாக அசைத்து படம் போய் வருகிறதா என்று பாருங்கள். உங்கள் கணக்கில் லாகின் பண்ணி நெட்டில் சேருகிறதா என்று கட்டாயம் பாருங்கள், சில மெஷினை நெட்வொர்க்கிலிருந்தே தடை செய்திருப்பார்கள், அது தெரியாமல் வாங்கிவிட்டு என்னிடம் வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. விற்கிறவர் "அதெல்லாம் எதுக்கு, நல்லா ஓடும் வாங்கிக்கோ" என்று அவசரப்படுத்தினால் பணத்தை பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுங்கள்.